கருத்துக்கேட்புக் கூட்டம்: இன்னும் மனசை விட்டுப் போகாதது எது?

கடைமடை:
எண்ணெய்க் கிணற்றுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும் முன் மக்கள் கருத்தைக் கேட்க எங்கள் பக்கம் நடந்த கூட்டம். பந்தல், போலீஸ், வீடியோ எல்லாம் வழக்கம்போலத்தான். திட்டத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையில் "இப்பகுதியில் நீர் தேங்குவதில்லை" என்று ஒரு வரி. ஒரு பாட்டி மைக்கை வாங்கி, "எப்ப வந்து பாத்தீங்க தம்பி?" என்றார். அறிக்கை தயாரித்த பையன் தாளைப் புரட்டி, "மார்ச்லேர்ந்து மே வரைக்கும்மா" என்றான். "பங்குனி சித்திரையில வாய்க்கால்ல ஆடு மேயும். ஐப்பசியில என் வயல்ல வந்து நில்லு" என்று தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டினார். மழைக்காலம் தவிர்த்து ஒரு பருவம் அளந்தால் போதும் என்பதுதான் நடைமுறை. கிணறு தோண்டும் இடத்தைக் கிராவல் கொட்டி மேடாக்கினால் வடிகால் அடைபடுமா என்பது ஐப்பசி கார்த்திகையில் பார்த்தால்தானே தெரியும்? கடைசியில் கூட்டக் குறிப்பை வாசித்தார்கள்: "வடிகால் குறித்து ஒருவர் கருத்து தெரிவித்தார்." ஐப்பசியும் இல்லை, இடுப்பளவும் இல்லை. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

கோரையாறு:
உங்களுக்குக் கூட்டமாவது நடந்தது. எங்கள் ஊரில் பழைய கிணற்றுக்கு லாரிகள் வந்தபோது கேட்டோம். "பராமரிப்பு வேலைதான், கூட்டமெல்லாம் கிடையாது" என்றார்கள். அவ்வளவுதான்.
ஆனால் கடைமடை, மைக்கில் பேசியதை மட்டும் நம்பக் கூடாது. மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி எழுத்திலும் கருத்து கொடுக்கலாம். 30 நாள் முன்பே அறிவிப்பு வரும், அறிக்கையின் தமிழ்ச் சுருக்கம் கலெக்டர் ஆபீஸில் இருக்கும். வயலில் தண்ணீர் நிற்கும் போட்டோவைத் தேதியோடு இணைத்து, நகலில் சீல் வாங்கி வையுங்கள். அனுமதி கொடுத்துவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள், தக்க காரணம் இருந்தால் மேலும் 60. அதன் பிறகும் அனுமதி நிபந்தனைகளைக் கடைப்பிடித்ததற்கான அறிக்கையை நிறுவனம் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள். 2020 ஜனவரியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கத் தோண்டும் ஆய்வுக் கிணறுகளை, கருத்துக்கேட்பு தேவைப்படாத பி2 பிரிவில் போட்டுக் கூட்டத்தையே எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதமே டெல்டாவில் புது எண்ணெய்க் கிணறுகளைத் தடுக்கும் தமிழக அரசின் வேளாண் மண்டலச் சட்டம் வந்தது, சரி. ஏற்கனவே ஓடும் திட்டங்களை அது தொடாது.

மன்னை செல்வி:
கோரையாறு அண்ணே, எழுதத் தெரியாத பாட்டி சீலுக்கு எங்கே போவார்? சொன்னதைச் சொன்னபடி ஏற்றுவது அவர்கள் கடமை. எங்கள் கூட்டத்தில் குறிப்பு வாசிக்கும் நேரத்தில் பாதிப் பேர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். அப்படியே நில்லுங்கள் என்று கத்தினேன், யாரும் திரும்பவில்லை. கடைமடை, அன்றைய வீடியோ நகலைக் கேட்டீர்களா? பாட்டி பேசியது அதில் இருக்குமே.