வீட்டில் யாருமே ஒத்துழைக்காதபோது உடம்பைக் குறைப்பது எப்படி?

கோபிக்காரி:
எனக்கு 39 வயசு. கோபிச்செட்டிபாளையம் பக்கம். ரெண்டாவது பிரசவத்துல சர்க்கரை இருந்துச்சு. பையன் பொறந்ததும் இறங்கிருச்சு, நானும் மறந்துட்டேன். அவனுக்கு இப்ப ஒன்பது வயசு. போன ஆடியில எடுத்த மூணு மாச சர்க்கரை டெஸ்ட் 6.2. டாக்டரம்மா மாத்திரை எழுதல. அஞ்சு கிலோ குறைங்க, தினம் அரை மணி நேரம் நடங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்கன்னுட்டாங்க.

ரெண்டு மாசம் ஒழுங்கா இருந்தேன். காலைல அஞ்சரைக்கு வாய்க்கா மேட்டுல நடை. ராத்திரி சோறு இல்ல. ரெண்டே முக்கால் கிலோ குறைஞ்சுது. ஆனா வீட்ல ஒருத்தருக்கும் பிடிக்கல. அத்தைக்கு 68 வயசு. "வாசல் தெளிக்காம ஊரைச் சுத்தப் போறா"ன்னு பக்கத்து வீட்ல சொல்லிருக்காங்க. அரிசிம்பருப்பு சோத்துல நெய்ய ஊத்தி, நான் வேண்டாங்கறதுக்குள்ள தட்டுல வச்சிருவாங்க. வீட்டுக்காரர் கடைய சாத்திட்டு வர்றப்ப பரோட்டா பொட்டலம். "ஒரு நாள் தின்னா செத்தா போயிருவே?" வாரத்துல மூணு நாள் அந்த ஒரு நாள் வருது.

போன வாரம் நாத்தனார் வந்திருந்தாங்க. எல்லாரும் உக்காந்திருக்கறப்ப, "இந்த வயசுல யாருக்குக் காட்ட இளைக்கறே?"ன்னு சிரிச்சாங்க. வீட்டுக்காரரும் சேந்து சிரிச்சாரு. அன்னிக்கு நாலு பரோட்டா தின்னேன். அஞ்சு நாளா நடக்கப் போகல. மனசு விட்டுப் போச்சு. எப்படித் திரும்ப ஆரம்பிக்கறது?

நடைராஜா:
சகோதரி, கசப்பாத்தான் சொல்வேன், கோபப்படாதீங்க. உங்க வாயைப் பிளந்து யாரும் ஊட்டல. வாங்கிட்டு வந்தது அவர், தின்னது நீங்க. அதுவும் நாலு. எனக்கு 52 வயசு, திருநெல்வேலி. 14 மாசத்துல 11 கிலோ குறைச்சேன். அண்ணன், மச்சினன், ஆபீஸ்ல கூட இருக்கறவன் எல்லாம் "என்ன ஓய், சீக்காளி மாதிரி ஆயிட்டீரு"ன்னு கேலிதான். ஒரு நாள் நடையை விட்டதில்ல. மன உறுதி இருந்தா வீடு என்ன, ஊரே எதிர்த்தாலும் நடக்கலாம். வீட்டாரைக் குத்தம் சொல்றது நமக்கு நாமே குடுத்துக்கற லீவு லெட்டர்.

தனிச்சட்டி:
11 கிலோவுக்கு வாழ்த்துகள் அண்ணே. ஒரே ஒரு கேள்வி. அந்த 14 மாசம் என்ன சாப்பிட்டீங்க, அதை யார் செஞ்சாங்க?

நடைராஜா:
காலைல கேப்பைக் கூழ், ராத்திரி ரெண்டு சோளத் தோசை, நிறைய காய். வீட்டம்மா செய்வா. அதுக்கென்ன?

தனிச்சட்டி:
அதுக்குத்தான் எல்லாம். கூழ் தானா கிண்டிக்கல. நீங்க நடந்துட்டு வர்றப்ப வாசல் தெளிச்சு, பசங்க டிபன் பாக்ஸ் கட்டி, உங்க கூழும் ஆறிட்டு இருந்துச்சு. அதுக்குப் பேரு மன உறுதின்னு நீங்க வச்சிருக்கீங்க. கோபிக்காரி அந்த அரை மணி நேரம் நடந்தா, அந்த அரை மணி நேர வேலை அங்கேயே அப்படியே நிக்குது. அவங்க ராத்திரி சோறு தின்னாட்டியும் மத்த அஞ்சு பேருக்குச் சோறு பொங்கணும், மணம் மூக்குல ஏறும், பரிமாறணும், பசங்க வச்ச மிச்சத்தக் கொட்ட மனசு வராம நிக்கணும். இதையும் உங்க நடையையும் ஒரே தராசுல போடாதீங்க.

என் பேருக்குக் காரணம் சொல்றேன். எனக்கும் இதே கதை. ஒரு நாள் தனியா ஒரு சின்னச் சட்டி வாங்கி வச்சேன். என் காய், என் பருப்பு, எண்ணெய் நான் அளந்து ஊத்தறது. மூணு மாசம் மூஞ்சி தூக்கினாங்க. அப்புறம் பழகிட்டாங்க. கோபிக்காரி, நீங்களும் அதையே செய்யுங்க. அனுமதி கேட்டா கிடைக்காது.

ஒருவரி:
கொங்குல தனி அடுப்புன்னா பாகப் பிரிவினைன்னு அர்த்தம் தாயி.

ஊசிமருந்து:
சேலத்துல அரசு மருத்துவமனையில செவிலியர். கொஞ்சம் கணக்குச் சொல்லிட்டுப் போறேன். அந்த டெஸ்ட்ல 5.7-லேருந்து 6.4 வரைக்கும் எல்லைக்கோடு, 6.5 ஆனா சர்க்கரை. நீங்க கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கீங்க. ஆனா பிரசவத்துல வந்து போன சர்க்கரை பின்னாடி திரும்பி வர வாய்ப்பு மத்தவங்களவிட ரொம்ப அதிகம். விளையாட்டா எடுத்துக்காதீங்க.

சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தின ஆய்வு ஒண்ணு 2006-ல வெளியாச்சு. எல்லைக்கோட்டுல நின்ன 531 பேரை மூணு வருஷம் பாத்தாங்க. சும்மா விட்டவங்கள்ல நூத்துக்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்துருச்சு. நடை, சாப்பாடுன்னு பழக்கத்த மாத்தினவங்கள்ல 39.

நடைராஜா:
அப்ப நடந்தும் 39 பேருக்கு வந்திருக்கே?

ஊசிமருந்து:
வந்திருக்கு. நடந்தா வரவே வராதுன்னு எந்த நர்ஸும் சொல்ல மாட்டா. ஆனா அந்த 16 பேர்ல நாம ஒருத்தரா இருக்கலாமில்ல? அதே குழு 2013-ல இன்னொண்ணு வெளியிட்டாங்க. 537 பேருக்கு எல்லாருக்கும் ஆரம்பத்துல அறிவுரை. அதுல பாதிப் பேருக்கு மட்டும் அடிக்கடி மொபைல்ல குறுஞ்செய்தி: நடங்க, இதைக் குறைங்கன்னு. ரெண்டு வருஷத்துல செய்தி வராதவங்கள்ல 27 சதவீதத்துக்கு சர்க்கரை, வந்தவங்கள்ல 18. கோபிக்காரிக்கு நான் சொல்ல வர்றது இதுதான். ஊக்கம் வீட்டுக்குள்ளேருந்துதான் வரணும்னு இல்ல. வெளியில ஒரு ஆளு, ஒரு மெசேஜ் போதும்.

தனிச்சட்டி:
அந்த 537 பேர்ல பெண்கள் எத்தனை?

ஊசிமருந்து:
யாரும் இல்ல. வேலைக்குப் போற ஆண்கள் மட்டும். முதல் ஆய்வுல 531-ல 110 பெண்கள். நீங்க கேக்கறது நியாயம்தான்.

தனிச்சட்டி:
நன்றி. மெசேஜ் வந்ததும் வீட்டுக்குள்ள பாத்து "இனிமே எனக்கு எண்ணெயைக் குறை"ன்னு சொன்னா நடக்கற வீட்டுல மெசேஜ் வேலை செய்யும். எண்ணெய் ஊத்தறவளுக்கே மெசேஜ் வந்தா அவ யார்கிட்டச் சொல்லுவா?

மேலவீதி:
தஞ்சாவூரிலிருந்து எழுதுகிறேன். வயது 66. இங்கே எல்லோரும் மருமகள் பக்கமே பேசுகிறீர்கள். நான் மாமியார், ஆகவே அந்தப் பக்கத்தையும் கேளுங்கள்.

என் மருமகள் இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், "இந்த வீட்டுச் சாப்பாட்டில்தான் எல்லோருக்கும் வியாதி" என்றாள். முப்பத்தெட்டு வருஷமாகச் சமைத்த கை இது. என் மாமனாருக்குக் கடைசிக் கஞ்சி வரைக்கும் ஊட்டிய கை. அவள் சொன்னது உடம்பைப் பற்றி, என் காதில் விழுந்தது வேறு. மறுநாளிலிருந்து நான் வேண்டுமென்றே நெய் கூட ஊற்றினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை.

கோபிக்காரி அம்மா, உன் மாமியாருக்கு வேறு எந்த மொழியும் தெரியாமல் இருக்கலாம். நெய் ஊற்றுவதுதான் "சாப்பிட்டியா" என்று கேட்பது. வேண்டாம் என்று தட்டை மூடினால் அவள் தோற்றுப்போவாள். அதற்குப் பதில் ஒரு வேலை கொடுத்துப் பார். "அத்தை, கொள்ளுப் பருப்பு உங்கள் கையில்தான் வாய்க்கும், செய்து தாருங்கள்" என்று கேள். உங்கள் ஊரில் இல்லாத கொள்ளா?

தனிச்சட்டி:
மேலவீதி அம்மா, நீங்க மனசு திறந்து எழுதினதுக்கு மதிப்பு வச்சே சொல்றேன். நெய் கூட ஊத்தினதும் நீங்க, தாஜா பண்ண வேண்டியது அவளா? சுகர் ஏறினது அவளுக்கு. அதுக்கும் மேல மாமியார் மனசையும் அவளே தாங்கணுமா? இதுவும் ஒரு வேலைதான், சம்பளம் இல்லாத இன்னொரு வேலை.

மேலவீதி:
ஆமாம், வேலைதான். ஒரே கூரையில் இருந்தால் அந்த வேலை யாராவது செய்தாக வேண்டும். உங்கள் மூன்று மாத மூஞ்சித் தூக்கலும் சும்மா தீர்ந்திருக்காது, அந்த வீட்டில் யாரோ ஒருத்தி இறங்கி வந்திருப்பாள்.

தனிச்சட்டி:
என் மாமியார் இறங்கி வந்தாங்க. என் சட்டியிலேருந்து ஒரு கரண்டி எடுத்து ருசி பாத்தாங்க, "உப்பே இல்ல"ன்னாங்க. அவ்வளவுதான் சமாதானம். ஆனா நான் முதல்ல சட்டி வச்சதாலதான் அந்தக் கரண்டியே வந்துச்சு.

நடைராஜா:
ரெண்டு நாளா இந்தப் பக்கம் வரல. தனிச்சட்டி கேட்டது மண்டையில ஓடிட்டே இருந்துச்சு. நேத்து ராத்திரி வீட்டம்மாகிட்ட "நீ என்ன சாப்பிடறே?"ன்னு கேட்டேன். மத்தியானச் சோத்துல மிச்சம், பசங்க வச்ச மிச்சம். சோளத் தோசை எனக்கு மட்டும்தான் ஊத்திருக்கா, மாவு மிச்சமானா மறுநாளும் எனக்கே. அவளுக்குச் சர்க்கரை பாத்து எத்தனை வருஷமாச்சுன்னு கேட்டேன். சின்னவன் பிரசவத்துக்கு அப்புறம் பாத்ததே இல்லையாம். அவனுக்கு 19 வயசு. திங்கக்கிழமை கூட்டிட்டுப் போறேன்.

ஆனா நாலு பரோட்டா விஷயத்துல என் கருத்து மாறல. ரெண்டோட நிறுத்தியிருக்கலாம்.

ஒருவரி:
சால்னாவை விட்டுட்டீங்களே.

கோபிக்காரி:
எல்லாருக்கும் நன்றிங்க. சண்டை போட்டுக்கிட்டாலும் எனக்காகத்தான் போட்டீங்க. தனிச் சட்டி வைக்கற தைரியம் எனக்கு இல்ல, ஒருவரி சொன்ன மாதிரி பாகம் பிரிச்சிருவாங்க. கொள்ளுப் பருப்பு கேட்டேன். "இத்தன நாள் நாஞ் செஞ்சப்ப தின்னியா?"ன்னு ஒரு குத்து, அப்புறம் சாயங்காலம் ஊற வச்சாங்க. வீட்டுக்காரர்கிட்ட அன்னிக்குச் சிரிச்சதப் பத்திக் கேட்டேன். "அது சும்மா தமாசு"ன்னாரு. நேத்தும் பரோட்டா வந்துச்சு. நடைராஜா அண்ணனுக்காக ஒண்ணோட நிறுத்தினேன். ஊசிமருந்து அக்கா தினம் அஞ்சு மணிக்கு "எந்திரிச்சாச்சா?"ன்னு மெசேஜ் போடறேன்னாங்க, போட்டுட்டாங்க.

இன்னிக்குக் காலைல போனேன். இருபத்தஞ்சு நிமிசம். திரும்பி வர்றப்ப வாசல் தெளிச்சிருந்துச்சு. கோலம் மட்டும் போடல. அத்தை உள்ள உக்காந்து காப்பி குடிச்சிட்டு இருந்தாங்க, ஒண்ணும் பேசல. இத எப்படி எடுத்துக்கறதுன்னு தெரியல.

தனிச்சட்டி:
குத்திக் காட்டறாங்க. தெளிச்சுட்டு, கோலத்த மட்டும் உங்க தலையில விட்டு வச்சிருக்காங்க. அக்கம்பக்கம் பாக்கட்டும்னுதான்.

மேலவீதி:
68 வயசு என்றுதானே முதலில் எழுதினாள்? தண்ணீர் தெளிப்பது நின்றுகொண்டே செய்கிற வேலை. கோலத்துக்குக் குனிய வேண்டும். நான் குனிந்து கோலம் போட்டு நாலு வருஷம் ஆகிறது.