புதுப்பிப்பு: கார்னரில் கோல் வாங்குவது கீப்பர் தப்பு இல்லை

நம்ம ஃபுட்பால் டீம் கார்னரில் (மூலையிலிருந்து எதிரணி உதைத்துப் போடும் பந்தில்) கோல் வாங்கிக்கொண்டே இருப்பதற்கு கீப்பர்தான் காரணம் என்று போன வாரம் எழுதியிருந்தேன். தப்பு. திருத்திக்கொள்கிறேன்.

ஓட்டை ஆளுக்கு ஆள் பிடிப்பதில், அதாவது ஒவ்வொருவனும் எதிரணியில் ஒருவனைக் காப்பதில் இருக்கிறது. எதிரணியில் ஒருவன் குறுக்கே நின்றதும் நம்ம சென்டர் பேக் (நடுவில் நின்று தடுப்பவன்) அவன்மேல் மோதி நின்றுவிடுகிறான். கண் பந்து மேல், முதுகு ஆள் பக்கம். அவன் பிடிக்க வேண்டியவன் தனியாக எகிறுகிறான். கோலுக்கு முன்னால் 5.5 மீட்டருக்குள் நாலு பேர் அடைத்து நிற்கும்போது கீப்பர் எப்படி வெளியே வருவான்?

பத்து பேரை இப்படிப் பிரிக்கலாம். நியர் போஸ்ட்டில், அதாவது பந்து உதைக்கும் பக்கத்துக் கோல் கம்பத்தில், ஒருவன். சின்னப் பெட்டிக் கோட்டில் (அந்த 5.5 மீட்டர் கோடு) நன்றாக எகிறும் மூன்று பேர், ஆளைப் பிடிக்காமல் இடத்தைக் காத்து. நாலு பேர் ஓடி வருகிறவர்களை மறிக்க. பெரிய பெட்டி விளிம்பில் ஒருவன், சிதறும் பந்துக்கு. நடுக்கோட்டில் ஒருவன், அவனுக்காக எதிரணி இரண்டு பேரையாவது பின்னால் வைக்கும்.

பந்தை வெளியே தட்டியதும் எல்லாரும் சேர்ந்து முன்னால் ஏறணும், அப்போது பின்னால் நிற்கும் எதிரணி ஆள் ஆஃப்சைட் (தடுப்பவர்களைத் தாண்டி கோல் பக்கம் நிற்கும் தப்பு) ஆவான். கார்னரிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைட் கிடையாது, திரும்ப உள்ளே போடும் பந்துக்கு உண்டு. இதை மறப்பதுதான் ரொம்ப வலிக்கிறது. பெலேவுக்குச் சிலை வைத்த பெங்களூரு கௌதமபுரத்துப் பசங்களுக்குச் சொல்லியா கொடுக்கணும்?

2019 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) இறுதியில் பெங்களூரு எஃப்சி வென்ற ஒரே கோல், 117வது நிமிடக் கார்னரில் ராகுல் பேகே தலையால் அடித்தது. கடைசி நேரத்தில் உயரமானவனை மாற்றினால், உள்ளே போகிறவனுக்கு அவன் நிற்க வேண்டிய இடத்தைக் கோட்டோரத்திலேயே சொல்லி அனுப்புங்கள்.