வெக்டர் பண்டில்: "திசையன் கற்றை" போதுமா? (சேஷாத்திரி கட்டுரைக்காக)

எல்லோருக்கும் வணக்கம்.

கணிதவியலாளர் சி.எஸ். சேஷாத்திரி பற்றிய கட்டுரை முக்கால்வாசி முடிந்துவிட்டது. வாழ்க்கைப் பகுதியில் சிக்கல் எதுவும் இல்லை. 1932 பிப்ரவரி 29இல் காஞ்சிபுரத்தில் பிறந்தது, செங்கல்பட்டில் வளர்ந்தது, லயோலா கல்லூரியில் பிரெஞ்சுப் பாதிரியார் ராசீனிடம் கணிதம் படித்தது, 1953இல் பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தது, 1957 முதல் 1960 வரை பாரிஸ், 1984இல் சென்னைக்குத் திரும்பியது, 1989இல் அவர் தொடங்கிய கணிதப் பள்ளி பின்னால் சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் நிறுவனமாக ஆனது, 2020 ஜூலையில் மறைவு. கர்நாடக இசையில் அவருக்கு இருந்த தேர்ச்சிக்கும் ஒரு பத்தி உண்டு. இதெல்லாம் தடையில்லாமல் ஓடுகிறது. கணிதத்துக்கு வந்தால்தான் முதல் வரியிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

காரணம் ஒரே ஒரு சொல். வெக்டர் பண்டில் (vector bundle). இதைத் தமிழில் என்னவென்று எழுதுவது? 1958இல் அவருக்குப் பெயர் வாங்கித் தந்த சிறு கட்டுரை அதைப் பற்றியது. 1965இல் எம்.எஸ். நரசிம்மனோடு சேர்ந்து எழுதியதும், 1980இல் வி.பி. மேத்தாவோடு எழுதியதும் அதைப் பற்றித்தான். இந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டு எழுதினால் "இயற்கணித வடிவியலில் முக்கியப் பங்காற்றினார்" என்ற வழக்கமான வெற்று வாக்கியம்தான் மிஞ்சும். அப்படி ஒரு கட்டுரை நமக்கு எதற்கு?

பொருள் என்னவென்று ஒருமுறை சொல்லிவிடுகிறேன், கணிதம் படிக்காதவர்களும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள். ஒரு வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு நேர்கோட்டை நிறுத்துங்கள். எல்லாக் கோடும் நேராக நின்றால் உருளை மாதிரி வரும். ஒரு சுற்று வருவதற்குள் கோடு மெல்லத் திரும்பித் தலைகீழாகிவிட்டால், பெல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கிப் பக்கிளில் மாட்டியது போல மோபியஸ் பட்டை வரும். எந்த ஒரு சிறு துண்டை வெட்டிப் பார்த்தாலும் இரண்டும் ஒன்றுதான், முழுதாகப் பார்த்தால் வேறு வேறு. கோட்டுக்குப் பதில் தளமோ அதைவிடப் பெரிய திசையன் வெளியோ புள்ளிக்குப் புள்ளி நின்றால், அந்த மொத்தக் கூட்டமும் வெக்டர் பண்டில்.

இதுவரை வந்த பரிந்துரைகள்: திசையன் கற்றை, திசையன் கட்டு, திசையன் கோவை, இழையம். என் ஓட்டு கற்றைக்கு. கோவை வேண்டவே வேண்டாம், பள்ளிப் புத்தகத்தில் பல்லுறுப்புக் கோவை என்று ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, அதே பத்தியில் இரண்டும் வரும். கற்றைக்கு என்ன தடை என்றால், இயற்பியல்காரர்கள் ஒளிக்கற்றை என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஐயா என்ன நினைக்கிறீர்கள்?

———

அன்புள்ள தம்பி,

ஒளிக்கற்றையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வைக்கோல் கற்றையும் சிவனுடைய கற்றைச் சடையும் அதற்கு எத்தனையோ நூற்றாண்டு மூத்தவை. சொல் யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்தது இல்லை. இழையத்தை முன்வைத்த நண்பர் பிரெஞ்சைப் பார்த்துச் சொல்கிறார் என்று தெரிகிறது, பிரெஞ்சில் இதன் பெயரில் கட்டும் இல்லை, மூட்டையும் இல்லை, "இழைகளால் ஆனது" என்ற பொருள் மட்டும்தான். யோசனை நல்லதுதான், ஆனால் எங்கள் இலங்கைப் பாடப்புத்தகங்களில் இழையம் என்றால் நீங்கள் திசு என்று சொல்லும் பொருள். உயிரியல் மாணவன் குழம்பிப்போவான். திசையனை நாங்கள் காவி என்போம், அதற்காக இங்கே சண்டை பிடிக்கப்போவதில்லை, காவிக் கற்றை என்று போட்டால் தமிழ்நாட்டில் காவி நிறம் என்று வாசிப்பார்கள்.

எனக்குக் கவலை வேறு. ஷீஃப் (sheaf, ஒரு வெளியின் பகுதிக்குப் பகுதி உள்ள தகவலைக் கோத்து வைக்கும் அமைப்பு) என்ற இன்னொன்றுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? இயற்கணித வடிவியலில் இரண்டையும் தள்ளிவைத்துப் பேச முடியாது. ஒரு குறிப்பிட்ட வகை ஷீஃபும் வெக்டர் பண்டிலும் ஒன்றேதான் என்று பாதி நூல்கள் இரண்டு சொல்லையும் மாற்றி மாற்றி எழுதும். இதற்குக் கற்றை, அதற்கும் கற்றை என்று போனால் பிறகு பிரித்தெடுக்க முடியாது. அறுவடையில் அறுத்துப் போடும் கைப்பிடியை அரி என்பார்களே, அதை எடுக்கலாமா?

அப்புறம் ஒரு வகைக் கற்றைகளுக்கு அடைமொழியாக வரும் ஸ்டேபிள் (stable) என்பதற்கு "நிலையான" என்று வரைவில் போட்டிருக்கிறீர்கள். எனக்கு அது ஒட்டவில்லை.

———

ஐயா, நன்றி.

அரி அழகான சொல், ஆனால் தேடுபொறியில் போட்டால் திருமால், சிங்கம், அரிசி, அரிப்பு எல்லாம் வரும், கணிதம் மட்டும் வராது. ஷீஃபுக்குக் கதிர்க்கட்டு என்று வைத்துக்கொள்வோமே. கற்றையும் கட்டும் உறவுக்காரச் சொற்கள், ஆனால் காதுக்கு வேறு வேறு.

ஸ்டேபிள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, இதைத்தான் நான் விரிவாக எழுத நினைத்தேன், ஏனென்றால் சேஷாத்திரியின் பெயர் நிற்பதே இந்தச் சொல்லின் மேல். 1938இல் ஆந்த்ரே வெய்ல் ஒரு வழியைக் காட்டியிருந்தார்: ரீமான் பரப்பின் (கலப்பெண்கள் வழி வரையறுத்த வளைபரப்பு) அடிப்படைக் குலத்தை, அதாவது அதன் மேல் சுற்றிவரும் பாதைகளின் குலத்தை, அணிகளாக எழுதினால், அப்படி எழுதும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கற்றை கிடைக்கும். எந்தக் கற்றைகள் அப்படிக் கிடைக்கும், குறிப்பாக யூனிட்டரி அணிகளிலிருந்து (நீளத்தை மாற்றாத அணிகள்)? இதுதான் நரசிம்மனும் சேஷாத்திரியும் பிடித்துக்கொண்ட கேள்வி. இருவரும் லயோலா, இருவரும் 1953இல் பம்பாய், இருவரும் பாரிஸ், ஒரே ரயிலில் ஏறியவர்கள் போல. இன்னொரு பக்கம் மம்ஃபோர்டு முற்றிலும் வேறு காரணத்துக்காக, கற்றைகளை வகைப்படுத்தி ஒரு வெளியில் அடுக்குவதற்காக, ஸ்டேபிள் என்ற வரையறையை 1962இல் வைக்கிறார். கற்றையின் படியை (அதன் முறுக்கை அளக்கும் எண்) தரத்தால் (புள்ளிக்குப் புள்ளி நிற்கும் வெளியின் பரிமாணம்) வகுத்தால் அதன் சாய்வு. உள்ளே இருக்கும் எந்த உட்கற்றையின் சாய்வும் முழுக் கற்றையின் சாய்வைவிடக் குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. படி, தரம், சாய்வு மூன்றுமே நம் பள்ளிப் புத்தகச் சொற்கள், கவனித்தீர்களா? புதிதாக எதையும் செய்ய வேண்டியதில்லை.

1965 தேற்றம் சொல்வது: படி சுழியமாக உள்ள கற்றைகளில் ஸ்டேபிளானவை எவையோ, அவையேதான் பகுக்க முடியாத யூனிட்டரி எழுத்துகளிலிருந்து வருபவை. இயற்கணிதத்தில் சாய்வைக் கணக்கிட்டுச் சொன்ன நிபந்தனையும், பரப்பின் மேல் சுற்றிவரும் பாதைகளை வைத்துச் சொன்ன நிபந்தனையும் ஒன்றாகப் போய் நின்றன. இருபது வருடம் கழியும் முன்பே, 1983இல், டொனால்ட்சன் வகையீட்டு வடிவியல் வழியாக இதற்குப் புது நிறுவல் கொடுத்தார், அங்கிருந்து இயற்பியல் வரைக்கும் கதவு திறந்தது.

இதற்கு "நிலையான" என்றால் மாறாதது என்று படிப்பார்கள், மாறிலி ஞாபகம் வரும். இயற்பியல் பாடத்தில் உறுதிச் சமநிலை என்று இருக்கிறது, எனவே உறுதிக் கற்றை. செமிஸ்டேபிளுக்கு, அதாவது உட்கற்றையின் சாய்வு சமமாகவும் இருக்கலாம் என்று தளர்த்தியதற்கு, அரையுறுதிக் கற்றை. பேச்சில் அரைகுறை என்பது போலத் தொனித்தால் தொனிக்கட்டும், பொருளும் கிட்டத்தட்ட அதுதான்.

1958 கட்டுரைக்கு இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்: "தளத்தின் மேல் இயற்கணித முறையில் அமைக்கும் எந்தத் திசையன் கற்றையிலும் முறுக்கு இருக்காது என்று நிறுவினார். எத்தனை மாறிகள் இருந்தாலும் இது உண்மையா என்பது 1955இல் செர் எழுப்பிய கேள்வி; இரண்டு மாறிகளுக்கு, அதாவது தளத்துக்கு, சேஷாத்திரி விடை சொன்னார், முழு விடை 1976இல் குவில்லன், சுஸ்லின் இருவரிடமிருந்தும் தனித்தனியாக வந்தது." படித்தால் புரிகிறதா என்று கணிதம் படிக்காத யாராவது சொன்னால் நல்லது.

சேஷாத்திரி மாறிலி (ஒரு கற்றை ஒரு புள்ளியில் எவ்வளவு நேர்மறையானது என்று அளக்கும் எண்) என்று இப்போது எல்லோரும் சொல்வது அவர் தானே வைத்துக்கொண்ட பெயர் இல்லை, தெமாய்யி பிறகு வைத்தது, இதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். அங்கே வருவது கோட்டுக் கற்றை, அதாவது புள்ளிக்கு ஒரு கோடு. அதில் தகராறு வராது என்று நம்புகிறேன்.

கற்றைகளை வகைப்படுத்தி அடுக்கும் அந்த மோடுலி வெளிக்கு (moduli space) மட்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வகைவெளி என்று ஒருவர் சொன்னார், ஆனால் வேரைட்டி (variety, பல்லுறுப்புச் சமன்பாடுகளால் அமையும் வடிவம்) என்பதற்கும் வகை என்று யாராவது கேட்பார்கள். வெள்ளிக்கிழமைக்குள் வேறு சொல் வராவிட்டால் மோடுலி வெளி என்றே விட்டுவிட்டுக் கட்டுரையை ஏற்றிவிடுகிறேன்.