சகோதரியின் பங்கை முறைப்படி கொடுக்க எங்கிருந்து தொடங்குவது?

வைகைக்கரை:
தந்தை சென்ற ஆண்டு உயில் எழுதாமல் காலமானார். இந்துக் குடும்பம்: தாய், இரு மகன்கள், 1987-இல் திருமணமான ஒரு மகள். தந்தை சம்பாதித்துக் கட்டிய வீடும், தாத்தா வழி வந்த ஒன்றரை ஏக்கர் நஞ்சையும் இருக்கின்றன. "89-க்கு முன்னாடி கட்டிக்கொடுத்த பொண்ணுக்குப் பங்கு இல்லை, விடுதலைப் பத்திரம் வாங்கிடுங்க" என்கிறார் பத்திரம் எழுதுபவர் (தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் பத்திரம்). சகோதரிக்குப் பங்கு கொடுக்கத்தான் மகன்களின் விருப்பம். மகளோ வேண்டாம் என்கிறார்.

பத்திரப்பெட்டி:
பத்திரம் எழுதுபவர் சொல்வது தவறு. வீடு தந்தையின் சுயசம்பாத்தியம். அதில் மகளுக்கு, இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956 முதலே சமபங்கு உண்டு, கல்யாணத் தேதிக்கு அங்கே வேலையே இல்லை. தாய்க்கும் மூன்று பிள்ளைகளுக்கும் 1/4 வீதம். (தந்தையைப் பெற்ற பாட்டி இருந்தால் ஐந்து பங்கு. பலரும் பாட்டியை மறந்துவிடுகிறார்கள்.)

89 கணக்கு பூர்வீகச் சொத்துக்கானது, அதாவது தலைமுறை வழியாகக் குடும்பத்துக்குப் பொதுவாக வந்த சொத்துக்கு. சொத்தில் பெண்ணுக்குச் சமபங்கு வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டில் அது சட்டமாக 60 வருடம் ஆனது, அப்போதும் 25-3-1989-க்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டார்கள். 2005 மத்தியச் சட்டத்திருத்தத்தில் அந்த விலக்கு இல்லை. 20-12-2004-க்கு முன்பே பதிவுசெய்த பாகப்பிரிவினை நடந்திருந்தால் சிக்கல்.

நஞ்சை உண்மையிலேயே பூர்வீகமா என்று மூலப்பத்திரத்தைப் பாருங்கள். பூர்வீகம் என்றால், தந்தை இறக்குமுன் பிரித்ததாகக் கொண்டு, அவருக்கும் பிள்ளைகள் மூவருக்கும் 1/4 வீதம். தந்தையின் கால் பங்கு மறுபடி நாலாகும். ஆக பிள்ளைகளுக்கு 5/16 வீதம், தாய்க்கு 1/16. தாத்தா சுயமாக வாங்கி, 1956-க்குப் பிறகு உயிலின்றி இறந்திருந்தால் அது தந்தையின் தனிச்சொத்து. அப்போது வீட்டைப் போலவே 1/4.

செங்காந்தள்:
விடுதலைப் பத்திரத்தை இப்போது தொடவே வேண்டாம். பதிவாகிவிட்டால் திரும்பப் பெறுவது மிகக் கடினம். முதலில் மகள் பெயரும் உள்ள வாரிசுச் சான்றிதழ். பிறகு நிலத்துக்கு எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டா. விட்டுக்கொடுக்கும் பேச்சு அதற்கப்புறம் இருக்கட்டும்.

"வேண்டாம்" என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பங்கு கேட்டால் தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடும், பொங்கல் சீர் நின்றுவிடும் என்ற பயம்தான் பெரும்பாலும் அப்படிப் பேச வைக்கிறது. சித்தப்பா, மாமா எல்லாம் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் கேட்டால் வேறு பதில் வராது. தனியாகப் பேசுங்கள். வழிகாட்டி மதிப்பு (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் விலை), சந்தை விலை, அவர் பங்கின் தொகை மூன்றையும் எழுதிக் கையில் கொடுங்கள். வரைவை அவரே தேர்ந்தெடுத்த வழக்கறிஞரிடம் காட்ட அவகாசம் கொடுங்கள். அதைவிட முக்கியம், வாங்கினாலும் உறவு மாறாது என்பதை அண்ணன் தம்பிகள்தான் முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். போட்ட நகையையும் செய்த சீரையும் பங்கில் கழிக்கச் சட்டம் சொல்லவில்லை, அந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

வைகைக்கரை:
நன்றி. மகள் சிங்கப்பூரில் இருக்கிறார். நிலத்துக்குப் பதில் பணமாகக் கேட்டால்?

பத்திரப்பெட்டி:
வர முடியாவிட்டால் அங்குள்ள இந்திய ஹை கமிஷனில் (தூதரகம்) அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதி அனுப்பலாம். இங்கே வந்த 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். அதிகாரத்தைச் சகோதரர்களில் ஒருவருக்கே கொடுப்பது சரியல்ல, வாங்குபவரும் கொடுப்பவரும் ஒரே கையாகிவிடும்.

பணம் என்றால் அப்போதுதான் விடுதலைப் பத்திரம், முழுத் தொகையும் அதில் வர வேண்டும். ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கம் கூடாது, வங்கி வழியாகவே கொடுங்கள். பணம் கணக்கில் ஏறுமுன் "பெற்றுக்கொண்டேன்" என்ற வரியில் கையெழுத்து வாங்காதீர்கள். நோட்டரி முத்திரை போட்ட வெறும் தாள் செல்லாது, சார்பதிவாளர் அலுவலகப் பதிவு கட்டாயம்.

நிலமாகவே பிரித்தால் குடும்பப் பாகப்பிரிவினைக்குத் தீர்வை 1%. 2023 ஜூலை திருத்தப்படி பங்கு ஒன்றுக்கு உச்சம் ரூ.40,000, பதிவுக் கட்டணம் உச்சம் ரூ.10,000. பத்திரத்தில் அவர் பங்குக்கு நான்கெல்லையும் அளவும் கட்டாயம் எழுதுங்கள். "நான்கில் ஒரு பாகம்" என்று மட்டும் இருந்தால் உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்க முடியாது. வாய்க்கால் தண்ணீரும் வண்டிப்பாதையும் அவர் துண்டுக்கும் உண்டு என்று ஒரு வரி சேருங்கள்.