மகாவீரருக்கு முன்பே சமணம் இருந்ததா?

கேள்வி:
வணக்கம். சமணத்தைத் தோற்றுவித்தவர் மகாவீரர் என்றே பள்ளியில் படித்தேன். சமணர்களோ அவரை 24ஆம் தீர்த்தங்கரர் என்கிறார்கள். அப்படியானால் அவருக்கு முந்தைய 23 பேரில் யாரை வரலாற்று மனிதராகக் கொள்ளலாம்? நம்பிக்கையைக் குறை சொல்வது என் நோக்கமன்று. சான்று எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதை அறியவே விரும்புகிறேன்.

மறுமொழி 1:
சான்று பார்சுவநாதரிடம் தொடங்குகிறது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. காசியில் பிறந்து, இன்றைய ஜார்க்கண்டிலுள்ள சம்மேத மலையில் முத்தியடைந்த 23ஆம் தீர்த்தங்கரர் அவர். மகாவீரருக்கு 250 ஆண்டுகள் முற்பட்டவர் என்று மரபு கூறுகிறது. மகாவீரரின் பெற்றோரே பார்சுவரின் நெறியைப் பின்பற்றிய இல்லறத்தார் என்று சமணத்தின் இரு பெரும் பிரிவுகளில் ஒன்றான சுவேதாம்பரரின் ஆகமம் (புனித நூல்) ஆசாராங்கம் சொல்கிறது. ஒரு சமயத்தின் நூலே தன் ஆசானை முன்பே இருந்த நெறியில் பிறந்தவராகக் காட்டுவது சாதாரணச் செய்தியன்று.

அதைவிட எனக்கு நெருக்கமானது, மற்றொரு சுவேதாம்பர ஆகமமான உத்தராத்தியயனத்தின் 23ஆம் இயலில் வரும் சந்திப்பு. பார்சுவர் மரபைச் சேர்ந்த கேசியும் மகாவீரரின் முதன்மை மாணவரான இந்திரபூதி கௌதமரும் சிராவஸ்தியில் வெவ்வேறு சோலைகளில் தங்கியிருக்கிறார்கள். குறிக்கோள் ஒன்றாயிருக்க, ஒருவருக்கு நான்கு விரதமும் மற்றவருக்கு ஐந்தும் ஏன், ஒருவர் ஆடையை ஏற்க மற்றவர் விலக்குவது ஏன் என்று இருவரின் சீடர்களும் ஐயுறுகிறார்கள். மூத்த மரபு என்பதற்காகக் கௌதமரே கேசியைத் தேடிச் செல்கிறார். கேசி அவர் அமர வைக்கோலும் புல்லும் கொடுத்து வரவேற்கிறார். மாணவர்களின் இயல்பு காலத்துக்குக் காலம் வேறுபட்டதால் விதியும் வேறுபட்டது என்று கௌதமர் விளக்க, முடிவில் கேசி ஐந்து விரதங்களை ஏற்கிறார். மற்றப் பிரிவினரான திகம்பரர்கள் இந்நூலை மூல ஆகமமாக ஏற்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயினும் இரண்டு மரபுகள் அருகருகே வாழ்ந்து ஒன்றுகூடிய நினைவு இதில் பதிந்திருப்பதாகவே நான் கருதுகிறேன்.

மறுமொழி 2:
வெளிச்சான்று பௌத்த நூல்களில் கிடைக்கிறது. பாலி நூல்கள் மகாவீரரை 'நிகண்ட நாதபுத்தர்' என்று அழைக்கின்றன. நிகண்டர் என்றால் கட்டுகள் அற்றவர். அவரைப் புதுச் சமயம் கண்டவராக அவை காட்டவில்லை. நிகண்டர்களின் தலைவராகவே பேசுகின்றன. அவற்றுள் ஒன்றான சாமஞ்ஞபல சுத்தம் (சூத்திரம்) 'நால்வகைக் கட்டுப்பாடு' என்பதை அவர் கொள்கையாகக் கூறுகிறது. அங்குள்ள விளக்கம் சமண நூல்களின் விளக்கத்தோடு ஒத்துப்போகவில்லை என்றாலும், பார்சுவரின் நான்கு விரதங்களே மகாவீரர் மேல் ஏற்றிச் சொல்லப்பட்டன என்று ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் யாக்கோபி வாதிட்டார். சமணம் பௌத்தத்தின் கிளை என்ற பழைய கருத்தை 19ஆம் நூற்றாண்டில் வீழ்த்தியவரும் அவரே.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. முதல் தீர்த்தங்கரரான ஆதிநாதராகிய ரிஷபதேவரை எப்படிப் புரிந்துகொள்வது?

மறுமொழி 1:
உழவும் எழுத்தும் கைத்தொழிலும் மனிதருக்குக் கற்பித்தவர் என்று மரபு போற்றும் அவருக்கு 84 லட்சம் பூர்வம் (சமணர் கூறும் மிகப் பெரிய கால அளவு) ஆயுள் சொல்லப்படுகிறது. இது ஆண்டுக்கணக்கால் அளக்கும் காலமன்று. சிந்துவெளி முத்திரைகளில் அவரைக் காண்போர் உண்டு. அந்த எழுத்து படிக்கப்படாத வரை அதைச் சான்றாக வைக்க இயலாது. தீர்த்தங்கரர் என்ற சொல்லையும் கவனியுங்கள்: பிறவிக் கடலைக் கடக்கத் துறை அமைப்பவர் என்பதே அதன் பொருள். ஒருவர் அமைத்த துறை காலத்தால் தூர்ந்துபோகும்போது அடுத்தவர் வந்து மீண்டும் அமைக்கிறார் என்பது சமணர் கொள்கை. ஆகவே 'நிறுவனர் யார்' என்ற கேள்வி அவர்களுடையதன்று, நம்முடையது.

மறுமொழி 2:
மகாவீரருக்குப் பின் வந்தவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருடைய கணதரர் (முதன்மைச் சீடர்) 11 பேரில் இந்திரபூதி கௌதமரும் சுதர்மரும் மட்டுமே அவர் மறைவுக்குப் பின்னும் வாழ்ந்தனர். சுதர்மர் தம் மாணவர் ஜம்புவுக்குச் சொன்னவையாகவே சுவேதாம்பர ஆகமங்கள் வந்துள்ளன. 'நீடுவாழ்பவனே, பகவான் இவ்வாறு கூறக் கேட்டேன்' என்றுதான் ஆசாராங்கம் தொடங்குகிறது.