டீசல் ‘உறைகிறதா’, ‘மெழுகு கட்டுகிறதா’?

வணக்கம்.

குளிர்நாடுகளில் டீசல் மோட்டார் ஹோம் (உள்ளேயே வீட்டு வசதியுள்ள வண்டி) ஓட்டுவோருக்கான சொற்பட்டியலில் ‘ஜெல்லிங்’ என்பதற்கு ‘எரிபொருள் உறைதல்’ என்று இருக்கிறது. இதை மாற்றியே ஆக வேண்டும். மொழியழகுக்காகச் சொல்லவில்லை. இந்தச் சொல்லை நம்புகிறவர் நடுவழியில் தவறான காரியத்தைச் செய்வார்.

டீசலில் பாரஃபின் மெழுகு இயல்பாகவே கரைந்திருக்கிறது. குளிர் ஏற ஏற முதலில் நுண்படிகங்கள் தோன்றி எண்ணெய் கலங்கும். அதுதான் கிளவுட் பாயிண்ட். பிறகு அந்தப் படிகங்கள் ஃபில்டரை அடைக்கும், அந்த வெப்பநிலைதான் சி.எஃப்.பி.பி. என்பது. கடைசியில்தான் எண்ணெய் ஓட்டமே நிற்கும். அது போர் பாயிண்ட். வண்டி நின்றுவிடுவது இரண்டாவது கட்டத்திலேயே. தொட்டியில் டீசல் தளும்பும், எஞ்சினுக்குச் சொட்டும் போகாது. ‘உறைதல்’ என்று படித்தவர் மூடியைத் திறந்து பார்த்து, உறையவில்லையே என்று ஸ்டார்ட்டரை மறுபடி மறுபடி சுற்றுவார். பாட்டரி இறங்கும். டீசலையே மசகாகக் கொண்ட உயரழுத்த பம்ப் வறண்டு தேயும்.

என் முன்மொழிவு: கலங்குநிலை, வடியடைப்பு நிலை, ஓட்டமறுநிலை. மொத்த நிகழ்வுக்கு ‘மெழுகு கட்டுதல்’. பால் கட்டுகிறது, சளி கட்டுகிறது என்கிறோமே, அதே ‘கட்டு’.

*

> மொத்த நிகழ்வுக்கு ‘மெழுகு கட்டுதல்’

ஐயா, மூன்று நிலைகளாகப் பிரித்தது மிகச் சரி. ஆனால் ‘உறை’யை இவ்வளவு எளிதில் தள்ள எனக்கு மனமில்லை. தயிர் உறைகிறது, இரத்தம் உறைகிறது, மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறது. நெய் குருணை குருணையாகத் திரண்டாலும் உறைந்தது என்றுதான் சொல்கிறோம். பனிக்கட்டிக்கு மட்டும் உரிய வினையல்ல அது.

‘கலங்குநிலை’ அருமை. அதை ‘மேகப்புள்ளி’ என்று எழுதினால் வானிலைச் சொல் என்றே படிப்பார்கள். ஆனால் ‘வடியடைப்பு’ என்றால் வடிகால் அடைப்பு நினைவுக்கு வரும். நீளமானாலும் ‘வடிகட்டி அடைப்புநிலை’ என்றே வைப்போம். இங்கே தெளிவு முக்கியம், ஏனென்றால் ஐரோப்பாவில் பருவத்துக்கேற்ற டீசலை வகைப்படுத்துவதே இந்த அளவைக் கொண்டுதான். ஜெர்மனியில் நவம்பர் 16 முதல் பிப்ரவரி முடியும் வரை விற்கும் டீசலுக்கு இது மைனஸ் 20 டிகிரி செல்சியஸ். ஸ்பெயினின் குளிர்கால டீசலுக்கு மைனஸ் 10தான். ஸ்பெயினில் தொட்டியை நிரப்பிக்கொண்டு நேரே ஆல்ப்ஸ் ஏறுகிறவர் சிக்குவது இதனால்தான். தொட்டியைக் கால்வாசிக்கு இறக்கிக்கொண்டு வந்து, மலையடிவாரத்தில் உள்ளூர் டீசலை நிரப்பி, அது குழாயிலும் ஃபில்டரிலும் பரவ இருபது முப்பது கிலோமீட்டராவது ஓட்டிய பிறகே இரவுக்கு நிறுத்த வேண்டும். வீட்டுப் பகுதியைச் சூடாக்கும் டீசல் ஹீட்டரும் அதே தொட்டியிலிருந்துதான் குடிக்கிறது என்பதால், மெழுகு அடைத்தால் எஞ்சினோடு கதகதப்பும் போய்விடும்.

*

‘வடிகட்டி அடைப்புநிலை’யை ஏற்கிறேன். ‘உறைதல்’ பற்றி நீங்கள் சொன்ன மொழிவழக்கும் உண்மை. இருந்தும் அதை இங்கே விலக்கக் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது: இதே ஃபில்டரில் உண்மையாகவே உறைவது ஒன்று உண்டு. தண்ணீர்.

டீசலோடு வரும் ஈரம் ஃபில்டரின் அடியில் தேங்கும். மைனஸ் 3 டிகிரியில் வண்டி திணறினால், உள்ளே நல்ல குளிர்கால டீசல் இருக்கும்போது, குற்றவாளி மெழுகல்ல, பனிக்கட்டி. வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான், மருந்து வேறு. தண்ணீருக்கு, குளிர் தொடங்கும் முன்பே ஃபில்டரின் அடித்திருகைத் தளர்த்தி வடிக்க வேண்டும். மெழுகுக்கு, டீசல் இன்னும் கலங்காதபோதே மெழுகுத்தடுப்பு மருந்தை டப்பாவில் போட்ட அளவுப்படி ஊற்றி, மேலே டீசல் நிரப்பிக் கலக்கவிட வேண்டும். கட்டிய பிறகு ஊற்றினால் பயனில்லை. அந்த மருந்து படிகங்களைப் பெரிதாக வளரவிடாமல் தடுக்குமே தவிர, திரண்டதைக் கரைக்காது. அப்போது ஃபில்டரைச் சூடுபடுத்த வேண்டும்: வெந்நீரில் நனைத்த துணி, ஹேர் டிரையர், அல்லது வண்டியைச் சூடான கொட்டகைக்குள் இழுத்துப்போடுவது. தீப்பந்தமோ புளோ டார்ச்சோ கூடவே கூடாது. பழைய வண்டிகளுக்குச் சொன்ன பெட்ரோல் கலக்கும் யோசனையும் வேண்டாம், இன்றைய பம்புகளை அது மசகின்றித் தேய்த்துவிடும்.

ஆட்புளூவும் இருக்கிறது, புகையைச் சுத்தப்படுத்தத் தனித் தொட்டியில் ஊற்றும் யூரியாக் கரைசல். அது மைனஸ் 11 டிகிரியில் நிஜமாகவே உறையும், தொட்டியிலுள்ள சூடாக்கி தானே உருக்கிக்கொள்ளும். அதில் எந்த மருந்தும் ஊற்றக் கூடாது. டீசலுக்கும் ‘உறைதல்’, ஆட்புளூவுக்கும் ‘உறைதல்’ என்று எழுதிவைத்தால், ஒருவர் மெழுகுத்தடுப்பு மருந்தை ஆட்புளூ தொட்டியில் ஊற்றுவதற்கு நாமே வழிகாட்டியவர்களாவோம்.

ஆகவே பதிவை இப்படி வைக்கலாம்:

மெழுகு கட்டுதல் – குளிரில் டீசலின் பாரஃபின் படிகமாகத் திரண்டு வடிகட்டியை அடைப்பது. எ.கா: “ஃபில்டரில் மெழுகு கட்டியிருக்கிறது, ஸ்டார்ட்டரைச் சுற்றாதே.”

உறைதல் – தண்ணீர், ஆட்புளூ இரண்டுக்கும் மட்டும்.