புதுப்பிப்பு: சித்தப்பாவின் கண் ஆட்டத்துக்குக் காரணம் தெரிந்தது

பாம்பனில் இருக்கும் சித்தப்பாவுக்குப் படுக்கையில் புரண்டால் தலை சுற்றுகிறது, கருவிழி தானாக ஆடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். பக்கவாதமா என்று பலர் அக்கறையோடு கேட்டீர்கள். இல்லை, உள்காதுதான் காரணம்.

ராமநாதபுரத்தில் காது மூக்கு தொண்டை டாக்டர் முதலில் கேள்விகளாகத்தான் கேட்டார். பேச்சு குழறுகிறதா, இரட்டையாகத் தெரிகிறதா, காது மந்தமா, வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறாரா? (ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மாத்திரையின் அளவு கூடினாலும் கண் ஆடும்.) எதுவும் இல்லை. அப்புறம் உட்காரவைத்து, தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்தார். தலை கட்டில் விளிம்புக்கு வெளியே சற்றுத் தொங்கியது. சில விநாடி ஒன்றுமில்லை. பிறகு இரு கருவிழிகளும் மேல்நோக்கி வெட்டி வெட்டிச் சுழன்றன. சித்தப்பா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஒரு நிமிடத்துக்குள் தானாக அடங்கியது. இப்படி உள்காதுக் கோளாறைக் கண்டுபிடிப்பதுதான் டிக்ஸ்-ஹால்பைக் சோதனை.

உள்காதின் நுண்ணிய கால்சியம் கார்பனேட் துகள்கள் இடம் மாறி, தலை திரும்புவதை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் போனால், தலை அசையும்போது மூளைக்குத் தப்பான சேதி போகிறது. கண்ணும் அதற்கேற்ப ஓடுகிறது. எப்ளி முறையில் தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகளை அந்தக் குழாயிலிருந்து வெளியேற்றினார். இப்போது சுற்றல் இல்லை. திரும்ப வரலாம் என்பதால் கொஞ்ச நாள் கடலுக்குப் போக வேண்டாம் என்று சித்தி தடுத்து வைத்திருக்கிறார்.

ஆனால் எந்நேரமும் கண் ஆடினாலோ, கீழ்நோக்கியே வெட்டினாலோ, நடை தள்ளாடினாலோ மூளையில் கோளாறு இருக்கலாம். அப்படியென்றால் காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.